அம்பர் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் போதுமா?

கேட்டவர், 12 நவம்பர் 2023

வேலை நிமித்தம் ஏப்ரலில் வில்னியஸ் போகிறேன். நடுவில் இரண்டு நாள் சும்மா இருக்கும். லித்துவேனியாவின் பால்டிக் கடற்கரையில் பாலங்கா என்ற ஊரில் அம்பருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அம்பர் என்றால் திமிங்கலம் கக்குவதுதானே? கடத்தினார்கள், பிடித்தார்கள் என்று செய்தித்தாளில் அடிக்கடி வருகிறதே, அதுதானே? கக்கியதை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதைப் பார்க்க ரயிலில் நான்கு மணி நேரம் போக வேண்டுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

12 நவம்பர், இரவு 9.40

போய் வந்தவன் நான். போன மாதம்தான்.

திமிங்கலத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நீங்கள் சொல்வது திமிங்கலத்தின் குடலில் உண்டாகும் மீனம்பர். வாசனைத் திரவியம் செய்பவர்களுக்கு வேண்டியது அது. பாலங்காவில் இருப்பது மரப்பிசின். சுமார் நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன் மரத்திலிருந்து வடிந்து, மண்ணுக்கடியில் கிடந்து இறுகியது. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்றால் வாழைத்தாரும் சாலைத் தாரும் ஒன்றாகிவிடும்.

கேள்விக்குப் பதில்: ஒரு மணி நேரம் போதும். மஞ்சள் கல், ஆரஞ்சுக் கல், மறுபடி மஞ்சள் கல். பத்தாவது பெட்டிக்கு மேல் எனக்கு எல்லாமே பனங்கற்கண்டாகத்தான் தெரிந்தது. பூங்கா நன்றாக இருக்கிறது. பூங்காவைத் தாண்டினால் கடல். வில்னியஸில் பார்க்க வேறு ஏதாவது இருந்தால் அதைப் பாருங்கள்.

12 நவம்பர், இரவு 9.52

ஒன்று விட்டுப்போயிற்று. கடற்கரைப் பக்கம் போகும் தெருவில் வரிசையாக அம்பர் விற்கிறார்கள். வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் உப்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அசல், மூழ்கினால் போலி. அவ்வளவுதான் விஷயம்.

13 நவம்பர், காலை 5.50

தூக்கம் கலைந்துவிட்டது. ஒரு மணி நேரம் போதும் என்று நேற்று எழுதியது முழு உண்மை இல்லை. நான் அங்கே இரண்டு முறை போனேன். முதல் நாள் ஐம்பது நிமிடம். மறுநாள் மூன்றரை மணி நேரம், அதுவும் மூலையில் உட்கார்ந்திருந்த காவல் பெண்மணி எழுந்து வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் வரை. ஏன் இரண்டாம் முறை போனேன் என்று சொன்னால் என் அசட்டுத்தனம் வெளியே வந்துவிடும். அதனால்தான் நேற்று விழுங்கிவிட்டேன். மாலையில் சொல்கிறேன்.

இப்போதைக்கு இடத்தைப் பற்றி. வில்னியஸிலிருந்து கிளைப்பேடா வரை ரயில், அங்கிருந்து பஸ். கோடையில் பாலங்கா நிரம்பி வழியும் ஊர். நான் போனது அக்டோபர் கடைசியில். பாதிக் கடைகள் மூடியிருந்தன, காற்று ஆளைத் தள்ளியது. அருங்காட்சியகம் இருப்பது டிஷ்கேவிச் என்ற பிரபுக் குடும்பத்தின் மாளிகையில். 1897-இல் கட்டியது. கட்டடக் கலைஞர் பிரான்ஸ் ஷ்வெக்டென். பெர்லினில் போரில் சிதைந்த கோபுரத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்களே, அந்தக் கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயமும் அவர் கைவேலைதான். சுற்றியுள்ள பூங்காவை அமைத்தவர் எதுவார் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுக்காரர். பிரபுக்கள் காலம் முடிந்து, போர்கள் முடிந்து, சோவியத் ஆட்சியில் 1963-இல் மாளிகை அம்பரின் கைக்கு வந்தது. இன்று அங்கே 28,000-க்கு மேல் துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதியில் ஒரு பூச்சியோ இலையோ சிறகோ மாட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் காட்சிக்கு வைக்கவில்லை. வைத்திருப்பதே கண்ணைக் கட்டுகிறது.

13 நவம்பர், பிற்பகல் 1.15

திமிங்கலம் விஷயத்தில் உங்களைக் கிண்டல் செய்துவிட்டேன். மதியம் கொஞ்சம் புரட்டிப் பார்த்ததில், கிண்டலுக்கு உரியவர் நீங்கள் மட்டும் இல்லை என்று தெரிகிறது. அரபியில் அன்பர் என்றால் முதலில் மீனம்பர்தான். அந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போனபோது, கடற்கரையில் ஒதுங்கும் இன்னொரு பொருளான மரப்பிசினும் அதே பெயரில் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் சாம்பல் அம்பர், மஞ்சள் அம்பர் என்று பிரித்துச் சொல்லிச் சமாளித்தார்கள். நம்மிடமும் கடல்படு பொருள்கள் ஐந்து என்று பழைய வரிசை ஒன்று உண்டு: ஓர்க்கோலை, சங்கு, பவளம், முத்து, உப்பு. இந்த ஓர்க்கோலைக்கு அம்பர் என்றுதான் பொருள் சொல்கிறார்கள், அதுவும் திமிங்கலத்து அம்பர். ஆக உங்கள் பக்கம் இலக்கியச் சான்றே இருக்கிறது. வாழைத்தாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மரப்பிசினுக்கு நல்ல பெயர் வைத்தவர்கள் பாரசீகர்கள். கஹ்ருபா. வைக்கோலைத் திருடுவது என்று பொருள். சமஸ்கிருதத்தில் திருணமணி, புல்லை இழுக்கும் மணி. இரண்டுக்கும் காரணம் ஒன்று. துணியில் தேய்த்தால் துரும்பை இழுத்துக்கொள்ளும். கிரேக்கர்கள் இதை எலெக்ட்ரான் என்றார்கள். 1600-இல் கில்பர்ட் என்ற ஆங்கில மருத்துவர் அந்த இழுப்புக்கு அம்பரின் பெயரிலிருந்தே ஒரு சொல்லை உண்டாக்கினார். உலகம் முழுக்க மின்சாரத்துக்கு வழங்கும் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அரபியிலோ வைக்கோல் திருடனே மின்சாரம் ஆகிவிட்டான்: கஹ்ரபா.

13 நவம்பர், இரவு 10.05

சரி, அசட்டுத்தனம்.

முதல் நாள் ஐம்பது நிமிடத்தில் அருங்காட்சியகத்தை முடித்துவிட்டு வெளியே வந்தேன். கடலுக்குப் போகும் தெருவில் ஒரு மேசைக் கடை. கடைக்காரர் ஒரு பதக்கத்தை விளக்கில் காட்டினார். தேன் நிறம், பளிங்கு போலத் தெளிவு. நட்ட நடுவில் ஒரு சிலந்தி, எட்டுக் கால்களையும் கோலம் போட்டதுபோல் விரித்து. டைனோசார் காலத்துச் சிலந்தி என்றார். உள்ளே பார்த்த எந்தத் துண்டும் இவ்வளவு அழகாக இல்லையே என்று எனக்குத் தோன்றியது. அந்த இடத்திலேயே விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அறுபது யூரோ கொடுத்தேன். பேரம் பேசி எண்பதிலிருந்து இறக்கியதாகப் பெருமை வேறு.

தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டிய அம்மா. இரவு தேநீர் வைத்துக்கொண்டு பேச்சு வந்தபோது பதக்கத்தைக் காட்டினேன். கையில் வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தன் தாயாரின் மணிமாலையை எடுத்து வந்தார். வெண்ணெய் நிறத்தில் தொடங்கிப் பழுப்பேறிய மணிகள். ஒளி ஊடுருவாது. ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவராது. கடையில் பார்த்திருந்தால் பிளாஸ்டிக் என்று ஒதுக்கியிருப்பேன். கையில் வாங்கியபோதுதான் தெரிந்தது, கல்லுக்கு உரிய குளிர்ச்சி இல்லை, கனமும் இல்லை. உள்ளங்கையில் ஏதோ விதைகளை வைத்திருப்பதுபோல் இருந்தது. அவருக்கு வந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று சொன்னார்: நாளைக்கு மறுபடி போ, பூச்சிகளைப் பார், பிறகு உன் சிலந்தியைப் பார்.

போனேன்.

13 நவம்பர், இரவு 11.20

பூச்சிகள் உள்ள பெட்டிகளுக்கு முன்னால் உருப்பெருக்கிக் கண்ணாடி பொருத்தியிருக்கிறார்கள். முதல் நாள் அதில் கண்ணை வைக்கக்கூட இல்லை நான். வெறும் கண்ணுக்கு ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதானே என்று கடந்துபோயிருந்தேன்.

ஒரு துண்டைச் சொல்கிறேன். பட்டாணி அளவுதான் இருக்கும். உள்ளே கொசு போன்ற ஒரு சிறு ஈ. ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு சிறகு மடங்கி உடலோடு ஒட்டிக்கிடக்கிறது. ஒரு கால் உடலிலிருந்து கழன்று, அரை மில்லிமீட்டர் தள்ளித் தனியாக நிற்கிறது. இழுத்திருக்கிறது, கால் போய்விட்டது, மறுபடி இழுத்திருக்கிறது. உடலின் அடிப்பக்கம் பால் சிந்தியதுபோல் ஒரு வெண்மூட்டம். உடல் அழுகும்போது வெளிவந்த வாயு பிசினில் நுண்குமிழிகளாக நின்றுவிட்டதுதான் அந்த வெண்மை. பால்டிக் அம்பர்ப் பூச்சிகளில் இது அடிக்கடி காணப்படும். சுற்றிலும் நட்சத்திர வடிவில் மயிரிழைத் துணுக்குகள். ஓக் மரத்தின் பூவும் மொட்டும் உதிர்த்தவை. அன்றைக்குக் காற்றில் பறந்துகொண்டிருந்து பிசினில் ஒட்டியிருக்கின்றன. பால்டிக் அம்பரின் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

சட்டைப் பையிலிருந்த என் சிலந்தியை எடுத்துப் பார்த்தேன். எட்டுக் காலும் அளவெடுத்து வைத்ததுபோல். ஒரு குமிழி இல்லை, ஒரு தூசி இல்லை. சாகும் எதுவும் இப்படிப் புகைப்படத்துக்கு நிற்பதுபோல் நிற்காது.

டைனோசார் கதையும் தப்பு. டைனோசார்கள் போனது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். பால்டிக் அம்பர் அதற்கு இரண்டு கோடி ஆண்டுக்கும் மேல் பிந்தியது. மியான்மர் அம்பராக இருந்தால் கடைக்காரர் சொன்னது சரி, அது சுமார் 9.9 கோடி ஆண்டு. பாலங்கா தெருவில் அது எங்கே வந்தது?

14 நவம்பர், காலை 7.10

உப்புத் தண்ணீர்ச் சோதனையை "அவ்வளவுதான் விஷயம்" என்று எழுதினேன். அது அவ்வளவு இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் நான் செய்தது இது. 250 மில்லி தண்ணீரில் 45 கிராம் உப்பைக் கரைத்தேன். பதக்கத்தைப் போட்டேன். மூழ்கியது. கடைக்காரரை வாய்விட்டுத் திட்டினேன். பிறகுதான் மேலே வெள்ளிக் கொக்கி இருப்பது நினைவுக்கு வந்தது. கொக்கியைக் கழற்றிவிட்டுப் போட்டேன். மிதந்தது! கடைக்காரரிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். ஒரு நாள் முழுக்க, என் சிலந்தி மட்டும் நிம்மதியாகச் செத்திருக்கும் என்று நம்பினேன்.

ஆனால் மிதப்பதெல்லாம் அம்பர் இல்லை. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் அம்பரின் அடர்த்தி 1.05 முதல் 1.10 வரை. கண்ணாடி, பேக்கலைட், செல்லுலாய்டு போன்ற பழைய பிளாஸ்டிக்குகள் எல்லாம் அதைவிடக் கனம், மூழ்கிவிடும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கிட்டத்தட்ட அம்பரின் அடர்த்தியே, மிதக்கும். கோப்பலும் மிதக்கும். கோப்பல் என்பது சில நூறு, சில ஆயிரம் ஆண்டு மட்டுமே ஆன, இன்னும் முழுதாக இறுகாத பிசின். சுருக்கமாக, மூழ்கினால் போலி என்பது சரி (கொக்கியைக் கழற்றுங்கள்). மிதந்தால் அசல் என்பது தப்பு. நான் எழுதியதை நம்பி யாராவது எதையாவது வாங்கியிருந்தால் என்னைத் திட்டலாம்.

கோப்பலுக்கு அடுத்த சோதனை அசிட்டோன். நகச்சாயம் அழிக்கும் திரவத்தில் இருக்கிறது. கைவசம் இல்லை. வாங்கி வந்து சொல்கிறேன்.

14 நவம்பர், காலை 7.25

சூடான ஊசியால் குத்தி மணம் பார்க்கச் சொல்வார்கள். அம்பர் என்றால் குங்கிலியம் போல் மணக்கும், பிளாஸ்டிக் என்றால் மூக்கைச் சுளிக்க வைக்கும். உண்மைதான். ஆனால் அசலாக இருந்தால் அசலில் ஓட்டை போட்டிருப்பீர்கள்.

14 நவம்பர், இரவு 8.30

"அப்படியானால் கடலிலும் மிதந்து வருமா" என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. சாதாரணக் கடல்நீரின் அடர்த்தி 1.03-ஐக்கூட எட்டாது. பால்டிக் கடலோ கிட்டத்தட்ட நன்னீர் மாதிரி. உப்பு அவ்வளவு குறைவு. அம்பர் அதில் மெல்ல மூழ்கும். நுரை போன்ற வெள்ளை வகைகள் சில மிதக்கலாம். மற்றவை கடலடியில் படுத்திருந்து, புயல் கலக்கும்போது எழும்பி, அதே கனமுள்ள மரத்துண்டு, கடற்பாசி இவற்றோடு கரைக்கு வரும். ஆகவே கரையில் தேடுகிறவர்கள் மணலைப் பார்ப்பதில்லை, கறுத்த குப்பைக் கோட்டைப் பார்க்கிறார்கள். இருட்டியபின் புற ஊதா விளக்கோடு வருபவர்களும் உண்டு. அந்த ஒளியில் அம்பர் நீலமும் பச்சையும் கலந்து ஒளிரும். நான் போனபோது ஒரு பெரியவர் அப்படிக் குனிந்தபடி கரை நெடுகப் போய்க்கொண்டிருந்தார். ஏதாவது கிடைத்ததா என்று சைகையில் கேட்டேன். இரண்டு விரல்களைச் சேர்த்து ஒரு எள் அளவு காட்டினார்.

15 நவம்பர், மாலை 6.00

எங்கேயோ போய்விட்டேன். அருங்காட்சியகத்துக்கே வருகிறேன். இரண்டாம் நாள் என்னை அதிக நேரம் நிறுத்தியது பூச்சி இல்லை. ஒரு நகல்.

பாலங்காவுக்குத் தெற்கே, கூர்ஷ் காயலை ஒட்டிய நீண்ட மணல்திட்டில் யூவோட்கிராண்டே என்ற கிராமம் இருக்கிறது. 1860 முதல் அந்த நூற்றாண்டின் கடைசி வரை அங்கே காயலின் அடியைத் தோண்டி அம்பர் எடுத்தார்கள். ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 75 டன். தோண்டியதில் வெறும் அம்பரோடு கற்கால மனிதர் செதுக்கியவையும் வந்தன. மணிகள், V வடிவில் துளையிட்ட பொத்தான்கள், பதக்கங்கள், சில மனித உருவங்கள். 1882-இல் ரிச்சர்ட் கிளெப்ஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அவற்றை விவரித்து எழுதினார். இரண்டாம் உலகப் போரில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. பாலங்காவில் நான் பார்த்தது அவற்றின் நகல்கள்.

அந்த மனித உருவம் விரல் நீளம்கூட இல்லை. தட்டையான பலகைபோல் ஒரு துண்டு. மூக்கும் புருவமும் சேர்ந்து ஒரே மேடு. இரண்டு கண்கள், சின்ன வாய். கோத்துக்கொள்ளத் துளைகள். சிரிக்கிறதா முறைக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தபின், நான் யார் என்று அது யோசிப்பதுபோல் இருந்தது. என் பையில் போலிச் சிலந்தி, எதிரே பெட்டிக்குள் நகல் மனிதன். ஆனால் அவன் நகல் என்று சொல்லிவிட்டே நிற்கிறான். எனக்கு அவன்மேல் புகார் இல்லை.

15 நவம்பர், மாலை 6.40

இதோடு சேர்த்து ஒன்று. ரோமானியர் மூத்த பிளினி (வெசுவியஸ் வெடித்தபோது செத்தாரே, அவர்தான்) அம்பர் மோகத்தைப் பற்றி எரிச்சலோடு எழுதியிருக்கிறார்: ஒரு சின்ன அம்பர்ப் பொம்மை மனிதனின் விலை, உயிரோடு திடமாக நிற்கும் மனிதர்களின் விலையைவிட அதிகம் என்று. அடிமைச் சந்தை விலையைத்தான் சொல்கிறார். இருபது ஆண்டுக்குப் பிறகு தாசித்துஸ் என்ற ரோமானிய வரலாற்றாசிரியர் மறுபுறத்தைச் சொல்கிறார். பால்டிக் கரையில் அம்பரைப் பொறுக்கும் மக்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கடல் ஒதுக்கும் குப்பையோடு குப்பையாகக் கிடந்தது. செதுக்காமல் அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கிடைக்கும் பணத்தைப் பார்த்து வியக்கிறார்கள் என்று. உள்ளே பூச்சிகள் இருப்பதை வைத்து இது மரத்தின் சாறு என்றும் அவர் சரியாகச் சொல்லிவிட்டார்.

எந்த மரம்? அதில்தான் இன்னும் சண்டை. பைன் என்று நெடுங்காலம் சொன்னார்கள். வேதியியல் ஒத்துவரவில்லை. இன்று ஜப்பானில் மட்டும் மிஞ்சியிருக்கும் குடைப்பைன் குடும்பம் என்று 2009-இல் ஓர் ஆய்வு வந்தது.

வியந்து பணம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வந்த காலம் வேறு. பிரஷ்யக் கரையைப் பிடித்த டியூட்டானிக் என்ற ஜெர்மானிய வீரத்துறவிகள் அம்பர் முழுவதும் தங்களுடையது என்றார்கள். பொறுக்கியதை ஒப்படைக்க வேண்டும், மறைத்தால் தூக்குமரம். கரையோர மக்கள் அம்பரைத் திருடுவதில்லை என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டிய காலமும் வந்தது. சேர்த்த அம்பர் புரூஜிலும் லூபெக்கிலும் ஜெபமாலை செய்யும் சங்கங்களுக்குப் போயிற்று. தன் வீட்டு வாசலில் கடல் கொண்டுவந்து போட்டதைக் குனிந்து எடுத்தவன் தொங்கினான், அந்த மணியை உருட்டி வேறு ஊரில் ஒருவர் புண்ணியம் தேடினார்.

16 நவம்பர், காலை 8.00

அவசரமாக ஒன்று. கரையில் பொறுக்கினால் கால்சட்டைப் பையில் போடாதீர்கள். போர்க்காலத்து எரிகுண்டுகளிலிருந்து கசிந்த வெண்பாஸ்பரஸ் பால்டிக் கரையில் சில இடங்களில் ஒதுங்குகிறது. ஜெர்மனியின் யூசிடோம் தீவிலும், பாலங்காவுக்கு வடக்கே லாத்வியாவின் லியேபாயாவிலும் நடந்திருக்கிறது. பார்க்க அம்பர் மாதிரியே இருக்கும். ஈரமாக இருக்கும்வரை சும்மா இருக்கும். உலர்ந்து உடல் சூடு பட்டால் பையிலேயே தீப்பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினால் அணைந்ததுபோல் காட்டிவிட்டு மறுபடி எரியும். தகர டப்பா எடுத்துப் போங்கள். நான் மிட்டாய் டப்பாவில் வைத்தேன்.

16 நவம்பர், காலை 8.20

ஆமாம், நானும் பொறுக்கினேன். அதைப் பிறகு.

16 நவம்பர், இரவு 9.15

குழந்தைக்குப் பல் முளைக்கும்போது அம்பர் மாலை போட்டால் வலி குறையுமாமே, வாங்கி வரச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். வேண்டாம். மாலை கழுத்தை இறுக்கும், மணி தொண்டையில் அடைக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் வெளிப்படையாக எச்சரித்தது, ஒரு குழந்தை இறந்த பிறகு.

18 நவம்பர், பிற்பகல் 3.30

அசிட்டோன் வந்துவிட்டது. பதக்கத்தின் பின்புறத்தில், கொக்கி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொட்டு. உலர விட்டு விரலை வைத்தேன். விரல் ஒட்டியது. எடுக்கும்போது கைரேகை அதில் பதிந்து நின்றது.

ஆக, அம்பர் இல்லை. அநேகமாகக் கோப்பல். நல்ல உருப்பெருக்கியால் விளிம்பை உற்றுப் பார்த்ததில் முடிபோல் ஒரு கோடு சுற்றி ஓடுகிறது. இரண்டு பாதியைக் குடைந்து, நடுவில் இந்தக் காலத்துச் சிலந்தி ஒன்றை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அறுபது யூரோவுக்குச் சிலந்தியாவது அசல்.

வீட்டுக்கார அம்மாவின் மாலையை ஏன் பிளாஸ்டிக் என்று நினைத்தேன் என்பதும் இப்போது புரிகிறது. கடைகளில் இருக்கும் தெளிவான கற்களில் பல, சூடாக்கித் தெளிய வைத்தவை. அப்படிச் சூடாக்கும்போது உள்ளே மீன்செதில் போல வட்ட வட்டமாய் மின்னும் கீறல்கள் விழும். அதைத்தான் அழகு என்று கேட்டு வாங்குகிறோம். கலங்கலாக, வெண்ணெய் போல இருப்பது பெரும்பாலும் இயற்கை. கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் கோடிக்கணக்கில் நிறைந்ததால் வரும் நிறம் அது. இதை மாளிகையிலேயே நிறவாரியாக வரிசைப்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். நான்தான் பனங்கற்கண்டு என்று சொல்லிக்கொண்டு ஓடினேன்.

19 நவம்பர், காலை 10.00

சூரியக்கல்லைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். மூன்றரை கிலோ எடை. அங்கே இருக்கும் பெரிய கல் அதுதான், எல்லாரும் அதன்முன் நின்று படம் எடுக்கிறார்கள். இரண்டு முறை திருடு போய், இரண்டு முறையும் திரும்பி வந்திருக்கிறது. எனக்கு அது பெரிய வெல்லக்கட்டி மாதிரி இருந்தது. இந்தக் கருத்தில் மட்டும் இதுவரை மாற்றம் இல்லை.

சுவரெல்லாம் அம்பர் பதித்த, ரஷ்ய ஜார் மன்னர்களின் அம்பர் அறை இங்கே இல்லை, அதைத் தேடிப் போகாதீர்கள். 1716-இல் பிரஷ்ய அரசர் மகா பீட்டருக்குக் கொடுத்தது, 1941-இல் ஜெர்மானியப் படை பெயர்த்துக்கொண்டு போனது, 1945-க்குப் பின் யார் கண்ணிலும் படவில்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே இன்று இருப்பது புதிதாகச் செய்து 2003-இல் திறந்தது. போலந்துப் பக்கம் போனால் கதான்ஸ்கிலும் ஓர் அம்பர் அருங்காட்சியகம் உண்டு. 2021 முதல் பழைய மாவு ஆலை ஒன்றில் இயங்குகிறது.

கதை வேண்டுமென்றால் பாலங்காவுக்கென்றே ஒன்று இருக்கிறது. யூராட்டே கடல் தெய்வம், கடலடியில் அம்பர் மாளிகையில் இருந்தாள். பக்கத்து ஷ்வெந்தோயி ஊர் மீனவன் கஸ்தீத்திஸ் மேல் காதல். இடித்தெய்வம் பெர்கூனஸுக்குக் கோபம். மின்னலால் மாளிகையை உடைத்தான், மீனவனைக் கொன்றான், அவளை இடிபாட்டோடு கட்டிப்போட்டான். பெரிய துண்டுகள் மாளிகையின் சுவர், சின்னவை அவள் கண்ணீர். 1842-இல் யுட்செவிச் என்ற பாதிரியார் எழுதிவைத்தது. கடல் தெய்வத்துக்கும் மீனவனுக்கும் உள்ள வழக்கை இடி தீர்த்துவைத்ததில் நியாயம் என்ன என்று வீட்டம்மாவிடம் கேட்டேன். அவனுக்கு மனைவி இல்லை போலிருக்கிறது, வேறு வேலை இல்லை என்றார்.

21 நவம்பர், இரவு 10.45

ஏப்ரல் பயணத்துக்கு: ஒரு மணி நேரம் போதும் என்றதை அடித்துவிடுங்கள். முதல் நாள் பிற்பகல் ஒரு சுற்று, மறுநாள் காலை பூச்சிகளுக்கும் யூவோட்கிராண்டே நகல்களுக்கும் மட்டும். தெருக் கடைகளை முதல் நாள் மாலை பார்க்காதீர்கள். பார்த்தால் பணப்பையை அறையில் வைத்துவிட்டுப் போங்கள்.

நான் பொறுக்கியது: கடைசி நாள் காலை, இரவெல்லாம் காற்று அடித்து ஓய்ந்தபின், அந்தக் கறுத்த குப்பைக் கோட்டில் குந்தியிருந்து முக்கால் மணி நேரம் கிளறியதில் ஒரே ஒரு துணுக்கு. துவரம்பருப்பைவிடச் சற்றுப் பெரிது. மங்கலான மேற்தோல், ஒரு மூலை உடைந்து தேன் தெரிகிறது. உப்புத் தண்ணீரில் மிதந்தது. அசிட்டோனுக்கு அசையவில்லை. உள்ளே பூச்சி இல்லை, ஒன்றும் இல்லை, பல முறை பார்த்துவிட்டேன்.

இதை எழுதும்போது அது மேசைமேல் இருக்கிறது. இப்போதுதான் கம்பளிச் சட்டையின் கையில் தேய்த்து, அருங்காட்சியக டிக்கெட்டின் ஓரத்தைக் கிள்ளிப் போட்டுக் காட்டினேன். துள்ளி ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் சீப்பும் இதைச் செய்யும், எழுதாதீர்கள், தெரியும்.